துறைமுகத்துச் சூரியனுக்கு ஒரு கூடம்

போனில் அந்தப் படத்தைத் தேடி எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். க்ளோத் மோனே 1872-இல் வரைந்த 'மனப்பதிவு, சூரியோதயம்'. இடம், பிரான்சின் லே ஹாவ்ர் துறைமுகம். பின்னால் கிரேன்கள், பாய்மரக் கம்பங்கள், புகைபோக்கிகள். முன்னால் சின்னச் சின்னப் படகுகள். எல்லாவற்றையும் மூடிக் கிடக்கிற சாம்பல் நீலம், நடுவே ஆரஞ்சு நிறத்தில் சூரியன். எண்ணூர் முகத்துவாரத்தில் விடியற்காலையில் நின்றவர்களுக்கு இந்தக் காட்சி புதிதல்ல.

இப்போது படத்தைக் கறுப்பு வெள்ளைக்கு மாற்றுங்கள். சூரியன் ஏறக்குறையக் காணாமல் போய்விடும். சூரியனுக்கும் சுற்றியுள்ள வானத்துக்கும் மோனே ஒரே அளவு வெளிச்சம்தான் கொடுத்திருக்கிறார். வேறுபடுவது நிறம் மட்டும். வெளிச்சத்தின் அளவைப் பிரித்தறிகிற வேலையும் நிறத்தைப் பிரித்தறிகிற வேலையும் நம் மூளையில் பெரும்பாலும் தனித்தனியாக நடக்கின்றன. ஒன்று சூரியன் இருக்கிறது என்கிறது, மற்றொன்று அங்கே எதுவுமில்லை என்கிறது. அந்த வட்டம் துடிப்பதுபோலத் தெரிவதற்கு அதுதான் காரணம்.

டீக்கடையில் எதிரே உட்கார்ந்திருந்த தம்பி மாற்றிப் பார்த்துவிட்டு, "ஆமாண்ணே, காணோம்" என்றார். இந்த வகைப் படங்களுக்கென்றே தனி மியூசியங்கள் இருக்கின்றன என்றேன். உடனே கேட்டார்: "சரி, இந்த ஒரு வகைப் படத்துக்குன்னு தனியா மியூசியம் எதுக்கு? எக்மோர்லதான் எல்லாத்தையும் வச்சிருக்காங்களே?"

மணலி புதுநகரில் டீக்கு மட்டும் பஞ்சமில்லை. இன்னொன்று சொல்லிவிட்டு ஆரம்பித்தேன்.

அன்றைய பாரிசில் ஓவியன் பிழைக்க வேண்டுமென்றால் அரசு நடத்திய பெரிய கண்காட்சியில் அவன் படம் தொங்க வேண்டும். எதைத் தொங்கவிடுவது என்று ஒரு நடுவர் குழு முடிவு செய்யும். மோனே, ரெனுவார், பிஸாரோ போன்றவர்களின் படங்களை அது பலமுறை திருப்பி அனுப்பியது. அலுத்துப்போனவர்கள் 1874 ஏப்ரல் 15-ஆம் தேதி, நாடார் என்ற புகைப்படக்காரரின் பழைய ஸ்டூடியோவில் தாங்களே கண்காட்சி திறந்தார்கள். (பெயரைப் பார்த்து நம்ம ஊர்க்காரர் என்று நினைத்துவிட வேண்டாம், அது ஒரு பிரெஞ்சுக்காரரின் புனைபெயர்.) சுமார் 30 ஓவியர்கள். லூயி லெருவா என்ற பத்திரிகைக்காரர் மோனேயின் துறைமுகப் படத்தைப் பிடித்துக்கொண்டு, 'இம்ப்ரெஷனிஸ்டுகள்' என்று கேலி செய்து எழுதினார். கேலிப்பெயரே இயக்கத்தின் பெயராக நிலைத்தது.

இப்போது விலையைப் பாருங்கள். அந்தச் சூரியோதயத்தை 1874-இல் ஒரு வியாபாரி 800 பிராங்குக்கு வாங்கினார். அவர் நொடித்துப்போய், 1878 ஏலத்தில் அது 210 பிராங்குக்குப் போனது. எடுத்தவர் ஜார்ஜ் தெ பெலியோ, ருமேனியாவிலிருந்து வந்த ஹோமியோபதி மருத்துவர். இந்த ஓவியர்களுக்கு வைத்தியம் பார்த்தவர், யாரும் வாங்காத நாளில் அவர்கள் படங்களை வாங்கியவர். அவர் மகள் கொடுத்ததால்தான் அந்தப் படம் இன்று பாரிசின் மார்மொத்தான் மியூசியத்தில் இருக்கிறது.

இன்னொருவர் குஸ்தாவ் கைபோத். வசதியான வீட்டுப் பிள்ளை, தானும் நல்ல ஓவியர். நண்பர்களுக்கு வாடகை கட்டினார், கண்காட்சிச் செலவை ஏற்றார், படங்களை வாங்கிச் சேர்த்தார். சேர்த்ததை அரசுக்கே உயில் எழுதினார்; பரணில் போடக் கூடாது, மக்கள் பார்க்க மாட்ட வேண்டும் என்று நிபந்தனையும் வைத்தார். 1894-இல் அவர் இறந்ததும் அரசு தயங்கியது. கலைக்கழகப் பெரியவர்கள் எதிர்த்தார்கள். இழுபறிக்குப் பின் ஏறத்தாழ 40 படங்களைத்தான் வாங்கிக்கொண்டார்கள். மீதியை இலவசமாகக் கொடுத்தும் வேண்டாம் என்றார்கள்! பின்னாளில் 1947-இல் ஜெ தெ போம் இம்ப்ரெஷனிச மியூசியமானதும், 1986-இல் ஓர்சே திறந்ததும் இந்த உயிலின் தொடர்ச்சிதான். ஓர்சே ஒரு பழைய ரயில் நிலையம். 1900-இல் கட்டியது, ரயில்கள் நீண்டபோது அதன் பிளாட்பாரம் போதாமல் போனது. இடித்து ஓட்டல் கட்டப் பார்த்தார்கள், நல்லவேளை தப்பியது. 1856-இல் திறந்த ராயபுரம் நிலையக் கட்டடத்தைக் கடக்கும்போதெல்லாம் எனக்கு ஓர்சே ஞாபகம் வரும்.

மோனே 43 ஆண்டு வாழ்ந்த ஜிவெர்னி கிராமத்திலும் 2009-இல் இம்ப்ரெஷனிசத்துக்கென்று ஒரு மியூசியம் திறந்தார்கள். அந்தப் பாணி சேன் ஆற்றுக் கரையில் எப்படிப் பிறந்தது, யார் யாரிடம் போய் எப்படி மாறியது என்று காட்டுவதுதான் அதன் வேலை. தம்பியின் கேள்விக்குப் பதில் இங்கேதான் இருக்கிறது. எக்மோரில் ரவிவர்மாவைப் பார்க்கலாம், பழைய செப்புத் திருமேனிகளைப் பார்க்கலாம். ஒவ்வொன்றும் தனித்தனி உச்சம். ஆனால் ஒரே காலத்தில் ஒரே ஊரில் சேர்ந்து வேலை செய்தவர்கள், ஒருவர் கையைப் பார்த்து ஒருவர் கற்றது, சண்டையிட்டு விலகியது எல்லாம் படங்கள் பக்கத்துப் பக்கத்தில் இருந்தால்தான் கண்ணுக்குத் தெரியும்.

இப்படி ஒன்று நம்மிடமும் இருக்கிறது. அதை நம்மவர்களே அறியாதது எனக்கு உண்மையிலேயே வருத்தம். ஈஞ்சம்பாக்கத்தில், சோழமண்டலம் ஓவியர் கிராமம்.

மெரினா உழைப்பாளர் சிலையைச் செய்த தேவி பிரசாத் ராய் சௌத்ரி, சென்னை ஓவியக் கல்லூரியின் முதல் இந்திய முதல்வர். அவருக்குப் பின் 1957-இல் அந்தப் பொறுப்புக்கு வந்தவர் அவருடைய மாணவர் கே.சி.எஸ். பணிக்கர். குடும்பத்துக்காகத் தந்தித் துறையில் வேலை பார்த்துவிட்டுத் தாமதமாகக் கல்லூரிக்கு வந்தவர். தன்னிடம் படித்த திறமைசாலிகள் வெளியே போனதும் வயிற்றுப்பாட்டுக்காக வரைவதையே விட்டுவிடுவதைப் பார்த்தார். என்ன செய்யலாம்? துணியில் மெழுகு பூசிச் சாயமேற்றும் பாட்டிக் வேலையை எல்லோரும் சேர்ந்து செய்தார்கள். விற்ற காசில் 1966-இல் கடலோரம் மணல் நிலம் வாங்கினார்கள், வீடு கட்டிக்கொண்டார்கள். கைத்தொழில் சோறு போட்டது. மீதி நேரம் ஓவியத்துக்கு. கைபோத் போன்ற பணக்கார நண்பர் இவர்களுக்கு வாய்க்கவில்லை. தாங்களே தங்களுக்குக் கைபோத் ஆனார்கள். பாரிசின் கதையைவிட இது பெரியது என்பேன்.

பணிக்கர் 1977-இல் காலமானார். அந்தக் கிராமத்தில் மியூசியக் கூடம் எழுந்தது 2009-இல், ஜிவெர்னியில் திறந்த அதே ஆண்டு. 'மெட்ராஸ் இயக்கம்' என்று சொல்லப்படும் ஓவியர்கள், சிற்பிகளின் வேலைகளை ஒரே கூரையின் கீழ் வைத்திருக்கிறார்கள்.

"அங்கேயும் துறைமுகம், சூரியன்னு இருக்குமாண்ணே?" என்றார் தம்பி.

இருக்காது. பணிக்கர் இளமையில் கேரளத்துப் பச்சையையும் நீரையும் நீர்வண்ணத்தில் வரைந்தவர். வான்கோவின் தாக்கமும் அவரிடம் உண்டு. ஆனால் 1963 வாக்கில் தொடங்கிய 'சொற்களும் குறியீடுகளும்' வரிசையில் ஜாதகக் கட்டங்கள், கணக்கு, மலையாள எழுத்துப்போல ஓடும் கோடுகள் நிறைந்திருக்கும். வெளியூர்ப் பாணியைக் கற்றபின், நம் வீட்டு ஓலையிலும் நோட்டிலும் ஏற்கெனவே இருந்த கோட்டைத் தேடிப் போனார் அவர்.

லே ஹாவ்ரின் அந்த மங்கலைப் பற்றியும் தம்பியிடம் ஒன்று சொன்னேன். 2023-இல் வெளியான ஓர் ஆய்வு, டர்னர், மோனே ஓவியங்களில் கூடிக்கொண்டே போகும் மங்கலை அக்கால லண்டன், பாரிஸ் நகரங்களின் கந்தகப் புகையோடு ஒப்பிட்டது. இரண்டும் சேர்ந்தே கூடியிருந்தன. சுத்திகரிப்பு ஆலைக்கும் அனல்மின் நிலையங்களுக்கும் நடுவே மூச்சு விடுகிற நமக்கு அந்த நீலம் அழகு மட்டுமல்ல, சாட்சியும்தான். நம் வானத்தையும் நம் பிள்ளைகள் வரைந்து வைக்க வேண்டும்.

ஞாயிற்றுக்கிழமை போவதென்றால் விம்கோ நகரில் மெட்ரோ ஏறி நகருக்குள் இறங்கி, கிழக்குக் கடற்கரைச் சாலைக்குப் பஸ் பிடிக்கலாம். நகரத்தின் வட கோடியிலிருந்து தென் கோடிக்குப் பயணம். அரை நாள் ஒதுக்குங்கள். தம்பி ஃபேப்ரிகேஷன் யார்டில் வெல்டர். அவரிடம், ஓவியங்களுக்கு முன்னால் பணிக்கரின் மகன் நந்தகோபாலின் உலோகச் சிற்பங்களைப் பார்க்கச் சொன்னேன். தாமிரமும் பித்தளையும் தகடாக வெட்டி, பற்றவைத்து, அங்கங்கே எனாமல் ஏற்றியவை. கோயில் மூர்த்தியைப்போல முன்னாலிருந்து பார்ப்பதற்கென்றே அமைத்தவர் அவர். நீங்கள் பின்பக்கமும் சுற்றிப் பாருங்கள், தம்பி. எந்த இடத்தில் எப்படிச் சூடு காட்டி ஒட்டியிருக்கிறார் என்பதை எனக்கு நீங்கள்தான் வந்து சொல்ல வேண்டும்.