டோர்க் கொன்வேர்ட்டர் விற்கும் முன் கேட்க வேண்டிய ஏழு கேள்விகள்

சென்ற மாதம் பஞ்சிகாவத்தையில் உள்ள எனது உதிரிப்பாகக் கடைக்கு ஓர் இளைஞர் வந்தார். கையிலிருந்த தொலைபேசியில் அமெரிக்கத் தயாரிப்பு டோர்க் கொன்வேர்ட்டர் ஒன்றின் படத்தைக் காட்டினார். "நானா, இதுல 3,500 ஸ்டோல் ஒண்டு எடுத்துத் தாங்க. காசு பிரச்சின இல்ல" என்றார்.

நான் ஓடர் புத்தகத்தைத் திறக்கவில்லை. "என்ன எஞ்சின் தம்பி? எஞ்சின்ல என்ன வேல செஞ்சிருக்கு? ஒவ்வொரு நாளும் ஓடுற காரா?" என்று கேட்கத் தொடங்கினேன். அவருக்குச் சற்று எரிச்சல். "சாமான் வாங்க வந்தா இன்டர்வியூ எடுக்கிறீங்களே நானா" என்று சிரித்தார். நானும் சிரித்தேன். ஆனால் கேள்விகளை நிறுத்தவில்லை. அதற்குக் காரணம் உண்டு.

பல வருடங்களுக்கு முன்னர் இதே போன்ற ஒரு வாடிக்கையாளர் கண்டியிலிருந்து வந்தார். டர்போ எஞ்சின் உள்ள டொயோட்டா சேஸர் கார். அவர் கேட்ட இலக்கத்தை அப்படியே வெளிநாட்டு விநியோகஸ்தருக்கு அனுப்பினேன். பொருள் வந்தது, விற்றேன், நல்ல இலாபமும் கிடைத்தது. சில மாதங்களில் அவருடைய கியர் பொக்ஸ் லொறியில் ஏறி என் கடை வாசலுக்கு வந்தது. உள்ளே கிளட்ச் தட்டுகள் கருகியிருந்தன. ஒயில் தாரைப் போலக் கறுத்து மணத்தது. விநியோகஸ்தரிடம் முறையிட்டேன். "உங்கள் ஓடரில் கியர் பொக்ஸின் பெயர் மட்டுமே இருக்கிறது, எஞ்சினைப் பற்றி ஒரு வார்த்தையும் இல்லையே" என்று பதில் வந்தது. அவர் சொன்னது உண்மை. தவறு என்னுடையது. பாவித்த கியர் பொக்ஸ் ஒன்றின் விலையில் பாதியை நான் ஏற்றுக்கொண்டேன். அந்த விற்பனையில் கிடைத்த இலாபத்தைவிட அது பல மடங்கு. அந்த வாடிக்கையாளர் மீண்டும் வரவில்லை. மாதந்தோறும் எனக்கு ஆட்களை அனுப்பிய அவருடைய கராஜ்காரரும் அனுப்புவதை நிறுத்திவிட்டார். பெரிய நட்டம் அதுதான்.

உதிரிப்பாக வியாபாரத்தில் இருக்கும் நம்மவர்களுக்கு இது பயன்படும் என்பதால் விளக்கமாக எழுதுகிறேன்.

இந்தப் பொருள் என்ன செய்கிறது?

இரண்டு மின்விசிறிகளை எதிரெதிரே வையுங்கள். ஒன்றுக்கு மட்டும் மின்சாரம் கொடுத்தால், அதன் காற்றில் மற்றதும் சுழலத் தொடங்கும். டோர்க் கொன்வேர்ட்டரின் அடிப்படையும் இதுதான். காற்றுக்குப் பதிலாக ஒயில். எஞ்சினோடு சேர்ந்து சுழலும் பம்ப் ஒயிலை எறிகிறது. கியர் பொக்ஸோடு இணைந்த டர்பைன் அந்த ஒயிலின் வேகத்தில் சுழல்கிறது. இரண்டுக்கும் நடுவே ஸ்டேட்டர் என்ற மூன்றாவது சக்கரம் உண்டு. அது திரும்பி வரும் ஒயிலைச் சரியான திசையில் மீண்டும் பம்புக்கு அனுப்புகிறது. இதனால்தான் வாகனம் புறப்படும் கணத்தில் எஞ்சினின் இழுவை சுமார் இரண்டு மடங்காகிறது.

ஹெர்மன் ஃபொட்டிங்கர் என்ற ஜெர்மானியப் பொறியியலாளர் 1905ஆம் ஆண்டு இதற்குக் காப்புரிமை பெற்றார். அவர் மனதில் இருந்தது கார் அல்ல, கப்பல். அமெரிக்காவின் பியூக் கம்பனி 1948இல் டைனாஃப்ளோ என்ற பெயரில் இதைக் கார்களில் விற்பனைக்குக் கொண்டு வந்தது.

ஸ்டோல் என்பது என்ன?

பிரேக்கை இறுக்கி, கியரைப் போட்டு, அக்ஸிலேட்டரை முழுமையாக மிதித்தால் எஞ்சின் ஓர் எல்லை வரை ஏறி அங்கே நிற்கும். அந்த ஆர்.பி.எம். அளவே ஸ்டோல். (இதை ஐந்து செக்கனுக்கு மேல் செய்து பார்க்க வேண்டாம், ஒயில் கொதித்துவிடும்.) சாதாரண கார்களில் இது பெரும்பாலும் 1,800 முதல் 2,500 வரை இருக்கும்.

பெரிய டர்போ அல்லது பந்தயக் கேம் ஷாஃப்ட் போட்ட எஞ்சினுக்குக் கீழ் வேகத்தில் இழுவை குறைவு. 3,000ஐத் தாண்டிய பிறகுதான் அது விழித்துக்கொள்ளும். அத்தகைய எஞ்சினுக்கு ஸ்டோல் கூடிய கொன்வேர்ட்டர் போட்டால், புறப்படும்போதே எஞ்சின் பலமுள்ள இடத்துக்கு ஏறிவிடும். ட்ரெக் பந்தயக்காரர்கள் இதை விரும்புவது இதற்காகவே.

ஆனால் எதற்கும் ஒரு விலை உண்டு. ஸ்டோல் கூடினால் வழுக்கல் கூடும், வழுக்கல் கூடினால் வெப்பம் கூடும். வாகனம் அசையாமல் ஸ்டோலில் நிற்கும்போது எஞ்சின் தரும் சக்தி முழுவதும் ஒயிலைச் சூடாக்குவதிலேயே போகிறது. கியர் ஒயில் 80, 90 பாகை செல்சியஸில் பல காலம் உழைக்கும். 120 பாகையைத் தாண்டி ஓடினால் வெகு விரைவில் கெட்டுவிடும். அந்தக் கண்டி வாடிக்கையாளர் ஒவ்வொரு கிழமையும் கடுகண்ணாவை ஏற்றத்தில் வாகன நெரிசலில் ஊர்ந்து போனவர். பந்தய ஓட்டத்தில் பத்து, பதினைந்து செக்கன் படும் பாட்டை அவருடைய கொன்வேர்ட்டர் அரை மணித்தியாலம் பட்டது.

பெட்டியில் உள்ள இலக்கம்

நம்மில் பலர் அறியாத விடயம் ஒன்று உண்டு. ஸ்டோல் என்பது கொன்வேர்ட்டருக்கு மட்டும் சொந்தமான இலக்கமல்ல. அது எஞ்சினையும் பொறுத்தது. ஒரே கொன்வேர்ட்டரைப் பலம் குறைந்த எஞ்சினில் பூட்டினால் ஸ்டோல் குறையும். பலம் கூடிய எஞ்சினில் பூட்டினால் ஏறும். எஞ்சினின் இழுவை இரண்டு மடங்கானால் ஸ்டோல் ஏறத்தாழ 1.4 மடங்காகும். அதாவது சாதாரண எஞ்சினில் 3,000 காட்டுவது, இரட்டிப்பு இழுவையுள்ள எஞ்சினில் 4,200 வரை போகும். பெட்டியில் 3,500 என்று அச்சிட்டிருந்தால், "எந்த எஞ்சினில்?" என்று கேட்க வேண்டும். நான் அன்று கேட்கவில்லை.

ஏழு கேள்விகள்

ஒன்று: எஞ்சின் எது? எந்த ஆர்.பி.எம்.மில் இழுக்கத் தொடங்குகிறது? 1996இல் வந்த சேஸரின் 1ஜேஇசட் டர்போ எஞ்சின் தனது உச்ச இழுவையான 378 நியூட்டன் மீற்றரை 2,400 ஆர்.பி.எம்.மிலேயே தருகிறது. அதில் வேலை ஒன்றும் செய்யாவிட்டால் 3,500 ஸ்டோல் எதற்கு? பெரிய டர்போ மாற்றியிருந்தால் கதை வேறு. இழுவை தொடங்கும் இடத்துக்குச் சற்று மேலே ஸ்டோல் இருந்தால் போதுமானது.

இரண்டு: வாகனத்தின் பாரம் எவ்வளவு? டிஃபரன்ஷியல் பற்களின் விகிதம் என்ன? பாரம் கூடிய காரில் அதே கொன்வேர்ட்டர் அதிகம் வழுக்கும். இலேசான காரில் குறைவாக வழுக்கும்.

மூன்று: எங்கே ஓடுகிறது? பந்தயத்துக்கு மட்டுமா, வேலைக்கும் போகும் காரா, மலைநாட்டுப் பாதையா? இங்கே வாடிக்கையாளர் ஆசையைச் சொல்வார். நாம் உண்மையைக் கேட்டு எடுக்க வேண்டும். "கிழமையில எத்தன நாள் டிரஃபிக்ல நிக்கிறீங்க?" என்று கேட்டால் உண்மை வெளிவரும்.

நான்கு: லொக்-அப் வேண்டுமா? சீரான வேகத்தில் ஓடும்போது பம்பையும் டர்பைனையும் ஒன்றாகப் பூட்டிவிடும் உட்புறக் கிளட்ச் அது. பூட்டியபின் வழுக்கல் இல்லை, வெப்பம் குறையும், எரிபொருளும் மிச்சம். பந்தயத்துக்கென்றே செய்த சிலவற்றில் இது இருக்காது. பாதையில் ஓடும் காருக்கு லொக்-அப் இல்லாததை நான் விற்பதில்லை.

ஐந்து: பொருந்துமா? ஐசின் தயாரித்த ஏ340 கியர் பொக்ஸ் வரிசை டொயோட்டா சுப்ராவிலும் உண்டு, ஜீப் செரோக்கியிலும் உண்டு. பெயரை மட்டும் பார்த்து ஓடர் செய்தால் அகப்பட்டுக்கொள்வோம். ஆணித் துளைகளின் எண்ணிக்கையும் இடைவெளியும், நடு மூக்கின் விட்டம், ஷாஃப்டின் பற்கள், மொத்த உயரம் ஆகிய நான்கையும் பழைய சாமானோடு வைத்து அளந்து பாருங்கள்.

ஆறு: ஒயில் கூலர் உண்டா? ஸ்டோல் கூடியது போடுபவர் தனியான கூலரும் போட்டே ஆக வேண்டும். பழைய கியர் பொக்ஸ் கருகிப் போனதென்றால் கூலரையும் அதன் குழாய்களையும் கழுவ வேண்டும், அல்லது மாற்ற வேண்டும். அங்கே தங்கியிருக்கும் இரும்புத் தூள் புதியதையும் தின்றுவிடும்.

ஏழு: யார் பூட்டப் போகிறார்? கொன்வேர்ட்டர் பழுது என்று திரும்பி வந்தவற்றில் பலவற்றை நான் கழற்றிப் பார்த்திருக்கிறேன். குறை சாமானில் இல்லை, பூட்டியதில். முதலில் உள்ளே ஒயில் ஊற்ற வேண்டும். பிறகு மெல்லச் சுழற்றிச் சுழற்றித் தள்ளினால் பற்கள் ஒவ்வொன்றாக அகப்பட்டு முழுமையாக உள்ளே இறங்கும். கியர் பொக்ஸை எஞ்சினோடு சேர்த்த பின், கொன்வேர்ட்டருக்கும் ஃப்ளெக்ஸ் பிளேட்டுக்கும் நடுவே பொதுவாக 3 முதல் 5 மில்லிமீற்றர் இடைவெளி இருக்கும். இடைவெளி இல்லாமல் ஆணியை இறுக்கியே கியர் பொக்ஸை இழுத்துச் சேர்த்தால் முன் பம்ப் உடைந்துவிடும்.

நல்ல சாமானை அறிவது எப்படி?

பலம் கூடிய எஞ்சினுக்கு விற்பதென்றால், உட்புறத் தகடுகள் சூளையில் பற்றவைத்து உறுதிப்படுத்தப்பட்டவையா, வோஷருக்குப் பதிலாக ஊசி பெயாரிங் போட்டதா, பலன்ஸ் பார்த்ததா என்று விநியோகஸ்தரிடம் எழுத்தில் கேளுங்கள். விட்டம் குறையக் குறையப் பொதுவாக ஸ்டோல் கூடும். அமெரிக்கப் பெரிய கார்களின் கம்பனிக் கொன்வேர்ட்டர் சுமார் 12 அங்குலம். ட்ரெக் பந்தயத்துக்கென்றே 8 அங்குலத்திலும் செய்கிறார்கள். வெட்டித் திறந்து, திருத்தி, மீண்டும் வெல்டிங் செய்த சாமானும் மோசமானதல்ல. செய்தவர் யார், என்ன மாற்றினார், எவ்வளவு காலத்துக்குப் பொறுப்பு என்பது தாளில் இருந்தால் போதும்.

இன்னொரு சிறு குறிப்பு. எல்லா ஒட்டோ வாகனத்திலும் டோர்க் கொன்வேர்ட்டர் கிடையாது. நம் நாட்டில் அதிகம் ஓடும் டொயோட்டா பிரியஸ், அக்வா ஹைபிரிட்களில் இல்லை. 2013இல் வந்த ஹொண்டா வெசல் ஹைபிரிட்டிலும் இல்லை. அதில் இரட்டைக் கிளட்ச். இவற்றுக்குக் கேட்டு வருபவரிடம் முன்பணம் வாங்கிவிட்டுப் பிறகு திண்டாட வேண்டாம்.

மீண்டும் அந்த இளைஞரிடம் வருவோம். அவருடையதும் 1ஜேஇசட் தான். டர்போவில் பூஸ்ட் மட்டும் சற்றுக் கூட்டியிருந்தார். வாரத்தில் ஆறு நாள் நீர்கொழும்பிலிருந்து கொழும்புக்கு வேலைக்கு வருகிறார். வருடத்தில் ஓரிரு தடவை பந்தயத்துக்கும் போகிறார். விபரங்கள் முழுவதையும் விநியோகஸ்தருக்கு எழுதினோம். அவருடைய எஞ்சினில் சுமார் 2,700 காட்டும், லொக்-அப் உள்ள ஒன்றைப் பரிந்துரைத்தார்கள். அதோடு ஒரு கூலர். அவர் கேட்டதைவிட விலை குறைவு, எனக்கும் இலாபம் குறைவு.

இன்று என் ஓடர் புத்தகத்தின் ஒவ்வொரு பக்கத்திலும் இந்த ஏழு கேள்விகளும் அச்சிடப்பட்டுள்ளன. வாடிக்கையாளரும் பூட்டப்போகும் மெக்கானிக்கும் கையொப்பமிட்ட பின்னரே பணம் வாங்குகிறேன். சிலர் பொறுமையிழந்து பக்கத்துக் கடைக்குப் போவதுண்டு. போகட்டும் என்று விட்டுவிடுகிறேன். கருகிய கியர் பொக்ஸோடு கடை வாசலில் லொறி வந்து நின்ற அந்தக் காலை நேரத்தை நான் இன்னும் மறக்கவில்லை.