டி.பி. மாத்திரையில் கரையும் மாதங்கள்

கழுத்தில் நெறி கட்டினால் முதலில் பல்லைப் பார்ப்போம், அப்புறம் தொண்டையை. இரண்டிலும் ஒன்றுமில்லை, சாயங்காலமானால் காய்ச்சல், ராத்திரியில் தலையணை நனைகிற வியர்வை, எடையும் இறங்குகிறது என்றால், டாக்டருக்கும் வீட்டாருக்கும் சேர்ந்தே தோன்றுவது டி.பி.தான். உலகின் காசநோயாளிகளில் ஏறக்குறையக் கால் பங்கினர் இந்தியாவில் இருக்கும்போது அப்படி நினைப்பதே முறை என்பார்கள் மருத்துவர்கள். நியாயம்தான். ஆனால் இதே காய்ச்சலும் வியர்வையும் மெலிவும் லிம்போமா என்னும் நிணநீர்ப் புற்றுக்கும் உண்டு. சதையை எடுத்துப் பார்க்காமலே ஆறு மாத மாத்திரையை ஆரம்பித்தால், அந்த ஆறு மாதமும் உள்ளே வேறொன்று வளர்ந்துகொண்டிருக்கலாம்.

லிம்போமா வெள்ளை அணுவில் பிறக்கும் புற்று. வெள்ளை அணுக்களில் பி அணு என்றொரு வகை. கிருமியைப் பிடிக்கும் எதிர்ப்பொருளைச் செய்வதற்காக அது தன் ஜீனைத் தானே வெட்டி ஒட்டிக்கொள்ளும். மஜ்ஜையில் உருவாகும்போது ஒரு முறை. நிணநீர்க் கணுவுக்குள் மளமளவென்று பெருகும்போது மறுபடியும் கைவைக்கும். அதில் எப்போதாவது பிசகு நேர்கிறது. 14-ஆம் குரோமோசோமும் 18-ஆம் குரோமோசோமும் துண்டு மாற்றிக்கொண்டால், சாக வேண்டிய அணு சாகாமல் தங்கிவிடும். 8-ஆம் குரோமோசோம் மாட்டிக்கொண்டால் நிற்காமல் பெருகும். 1958-இல் டெனிஸ் பர்க்கிட் என்ற மருத்துவர் எழுதிய உகாண்டாக் குழந்தைகளின் தாடைக் கட்டி இந்த வகை. ஒரு பிசகோடு புற்று வந்துவிடாது, மேலும் சில சேர வேண்டும்.

மற்ற புற்றுகள் பரவுவதற்கு, இருக்கும் இடத்தை உடைத்துக்கொண்டு வெளியேற வேண்டும். லிம்போமாவுக்கு அந்தச் சிரமம் இல்லை. உடம்பெங்கும் சுற்றுவதே வெள்ளை அணுவின் பிறவித் தொழில். கணுவிலிருந்து நிணநீர்க் குழாய், அங்கிருந்து கழுத்தடியில் ரத்தம், ரத்தத்திலிருந்து இன்னொரு கணு. அதனால்தான் பல லிம்போமாக்கள் கண்டுபிடிக்கும்போதே நாலா பக்கமும் இருக்கின்றன.

லிம்போமாவில் ஹாட்ஜ்கின் என்னும் வகை மட்டும் பெரும்பாலும் வரிசையாகப் போகும். கழுத்து, நெஞ்சு, உதரவிதானத்துக்குக் கீழே மண்ணீரல், பிறகு கல்லீரல், மஜ்ஜை. இருபதுகளில் இருக்கும் பிள்ளைகளை அதிகம் பிடிக்கிற நோய் இது. தொடக்கத்தில் பிடித்தால் பத்தில் ஒன்பது பேரைக் காப்பாற்றிவிடலாம். முற்றினாலும் குணமாக்க முடியும், ஆனால் விலை கூடும். கழுத்தோடு நின்றிருந்தால் இரண்டு முதல் நான்கு சுற்றுக் கீமோவும் கொஞ்சம் கதிர்வீச்சும் போதும் என்ற இடத்தில் ஆறு சுற்று ஆகிவிடும். வழக்கமான கூட்டு மருந்தில் ஒன்று இதயத்தைப் பதம் பார்க்கும், இன்னொன்று நுரையீரலை. வீணாகும் மாதங்களை நினைத்தால் எனக்கு ஆற்றாமையாக இருப்பது இதனால்தான்.

ஏமாறுவதற்கும் வழி நிறைய. லிம்போமாக் கட்டி சில சமயம் தானாகவே கொஞ்சம் சுருங்கும். காய்ச்சல் சில நாள் விட்டுப் பிடிக்கும். 'மாத்திரை கேட்குது' என்று வீடு நிம்மதியாகிவிடும். கட்டி பெருத்தாலும் சந்தேகம் வராது, ஏனென்றால் டி.பி. கட்டியும் மருந்து நடக்கும்போதே சில சமயம் பெருக்கும்.

ஊசி குத்தி உறிஞ்சிப் பார்த்தாகிவிட்டதே என்பார்கள். ஹாட்ஜ்கின் கட்டியில் புற்றணு ஏறக்குறைய நூற்றுக்கு ஒன்றுதான் இருக்கும். மிச்சமெல்லாம் சாதாரண அணுக்கள். ஊசி நுனியில் அந்த ஒன்று வராமலே போகலாம். போதாக்குறைக்கு, காசநோயில் தெரிகிற அதே வகை அணுத்திரள் ஹாட்ஜ்கினிலும் தெரிவதுண்டு. காசநோய்க் கிருமி கண்ணில் படாமல், 'டி.பி. போல் இருக்கிறது' என்று மட்டும் ரிப்போர்ட் வந்தால் கணுவை முழுதாக எடுத்துப் பரிசோதிக்கச் சொல்லிக் கேளுங்கள். பெரும்பாலும் மரத்துப்போகும் ஊசி போட்டே எடுத்துவிடுவார்கள்.

அதற்கு முன்னால் வீக்கம் வடிய ஸ்டீராய்டு வேண்டாம். அது லிம்போமா அணுக்களைக் கலைத்துவிடும், பயாப்ஸியில் ஒன்றும் புலப்படாமல் போகலாம். எடுத்த கணுவை அப்படியே ஃபார்மலினில் போட்டுவிட்டால் காசநோய்க் கிருமியை வளர்த்துப் பார்க்க முடியாது. ஒரு துண்டு ஃபார்மலினில் புற்றுப் பரிசோதனைக்கு, இன்னொரு துண்டு சலைனில் டி.பி. பரிசோதனைக்கு. இதை ஆபரேஷன் தியேட்டருக்குள் போகுமுன்பே பேசி வைத்துவிட வேண்டும்.