நோயாளிக்கும் நடை வேண்டும்

சென்ற மாதம் கொட்டாம்பட்டியில் ஒரு சங்கத்தின் கணக்குப் புத்தகங்களைப் பார்வையிடச் சென்றிருந்தோம். மகாசபைக் கூட்டம் எதற்கும் தவறாத மூத்த அங்கத்தினர் ஒருவரைக் காணவில்லை. விசாரித்தபோது, குடலில் புற்றுநோய் கண்டு அறுவைச் சிகிச்சை முடிந்து, இப்பொழுது மதுரைக்குச் சென்று மருந்து ஏற்றிக்கொண்டு வருகிறார் என்றனர். அவர் இல்லம் சென்றோம். கட்டிலில் படுத்திருந்தார்.

"டாக்டர் நாள்தோறும் நடக்கச் சொல்கிறார். வீட்டிலோ வாசற்படியைத் தாண்ட விடுவதில்லை, ஐயா" என்றார்.

"நடந்தால் இருக்கிற தெம்பும் போய்விடாதா?" என்று அவர் மனைவியார் கண்கலங்கக் கேட்டார்.

அந்த அம்மையாரின் அச்சம் அன்பினால் விளைந்தது. ஒரு காலத்தில் மருத்துவர்களும் ஓய்வையே வற்புறுத்தி வந்தனர். இன்று அக்கருத்து மாறிவிட்டது. சிகிச்சைக் காலத்துச் சோர்வு, உறங்கினால் மட்டும் தீரும் சோர்வன்று. படுத்தே கிடந்தால் தசைகள் மெலிகின்றன. இருதயத்தின் வலிமையும் குறைகின்றது. பிறகு கிணற்றடிக்குச் செல்வதும் பெரும்பாடாகிறது. அதனால் நோயாளி மேலும் படுக்கிறார். வட்டிக்கு வட்டி ஏறும் கடனைப் போன்றது இது. அளவான நடை அக்கடனைச் சிறுகச் சிறுக அடைக்கிறது.

2019-இல் பன்னாட்டு வல்லுநர் குழுவொன்று, வாரத்தில் 3 நாள், நாளொன்றுக்கு 30 நிமிடம் நடை போன்ற பயிற்சி செய்தால் சோர்வும் மனக்கவலையும் தணியும் என்று அறிவித்தது. குணமாக்கும் நோக்குடன் சிகிச்சை பெறுவோர்க்குச் சிகிச்சைக் காலத்திலேயே பயிற்சி அளிக்கலாம் என 2022-இல் அமெரிக்க மருத்துவப் புற்றுநோயியல் சங்கமும் பரிந்துரைத்தது.

2025-இல் இன்னொரு செய்தி வந்தது. கானடா, ஆஸ்திரேலியா முதலிய நாடுகளில், பெருங்குடற் புற்றுநோய்க்கு அறுவையும் மருந்தும் முடித்த 889 பேரை இரு பிரிவாக்கி ஆராய்ந்தனர். ஒரு பிரிவினர்க்கு 3 ஆண்டுகள் துணைநின்று பயிற்சி தந்தனர். மற்றவர்க்கு அறிவுரை நூல் மட்டும் அளித்தனர். 8 ஆண்டுகளின் கணக்கில் பயிற்சி பெற்றோருள் 100-க்கு 90 பேரும், மற்றவருள் 83 பேரும் உயிருடன் இருந்தனர். ஆயினும் இது ஒருவகைப் புற்றுநோய்க்கு, மருந்து முடிந்தபின் கண்ட பலன் என்பதை மறத்தலாகாது. நடை மருந்துக்குத் துணையே அன்றி மாற்று ஆகாது.

எவ்வாறு தொடங்குவது? மருத்துவரின் அனுமதியே முதற்படி. முதலில் காலையும் மாலையும் 5 நிமிடம் போதும். உடல் இடங்கொடுக்குமளவு கூட்டலாம். நடக்கும்போது பேச இயல வேண்டும். பேச மூச்சு வாங்கினால் வேகத்தைக் குறைத்தல் நலம். சில மருந்துகளால் பாதங்கள் மரத்துப்போகும். ஆகையால் வரப்பிலும் முள்பாதையிலும் செருப்பின்றி நடக்கலாகாது. உச்சிவெயிலையும் தவிர்க்க வேண்டும். காய்ச்சல், தலைச்சுற்றல், நெஞ்சுவலி, ஓயாத வாந்தி ஆகியவை கண்டால் நடையை நிறுத்தி உடனே மருத்துவரை அணுக வேண்டும். இரத்த அணுக்கள் மிகக் குறைந்தோரும், எலும்பில் நோய் பரவினோரும் தம் மருத்துவர் சொல்லும் வரம்பை மீறலாகாது.

இவற்றையெல்லாம் எடுத்துரைத்தபின் அம்மையார் சற்றுச் சிந்தித்தார். "தனியாக அனுப்பப் பயமாக இருக்கிறது. யாராவது கூடப் போனால் சரி" என்றார். உடனிருந்த சங்க அங்கத்தினர் நால்வர், முறைவைத்துக்கொண்டு நாள்தோறும் மாலையில் வந்து அழைத்துச் செல்வதாக ஒப்புக்கொண்டனர்.

தம் தங்கையை இந்நோய்க்குப் பறிகொடுத்த டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி, மகளிர் சங்கத்தின் துணையுடன் பலரிடம் நிதி திரட்டி, 1954-இல் அடையாற்றில் புற்றுநோய் மருத்துவமனையை 12 படுக்கைகளுடன் தொடங்கினார். பலர் கூடினால் ஆகாதது உண்டோ? அத்தனை பெருமுயற்சி நம்மிடம் கேட்கப்படவில்லை. சிகிச்சையிலிருக்கும் அங்கத்தினர் ஒருவருடன் நாளுக்குச் சில நிமிடம் நடக்க ஒருவர் முன்வந்தால் போதும்.

அன்று மாலை அவர் வாசலிலிருந்து தெருக்கோடி வேப்பமரம் வரை சென்று திரும்பினார். நாமும் உடன் நடந்தோம். திண்ணையில் அமர்ந்ததும், "நாளைக்கு யார் முறை?" என்று கேட்டார்.