கல்லீரலில் கொழுப்பு: இன்சுலின் செய்யும் வேலை

குடிப்பழக்கம் இல்லாதவர்களுக்கும் கல்லீரலில் கொழுப்பு படிகிறது. முக்கியக் காரணம் இன்சுலின். உடல் அந்த ஹார்மோனுக்குச் சரிவரக் கட்டுப்படாதபோது, கொழுப்புத் திசுவிலிருந்து அமிலங்கள் கல்லீரலுக்குப் பாய்கின்றன. ஈடுகட்டக் கணையம் கூடுதலாகச் சுரக்கும் இன்சுலின் அங்கே புதுக் கொழுப்பையும் உண்டாக்குகிறது. தைராய்டு சுரப்பு குறைந்தாலும், மாதவிடாய் நின்று ஈஸ்ட்ரஜன் சரிந்தாலும் ஆபத்து கூடும்.

இன்சுலினுக்குக் கட்டுப்படாத இந்த நிலைதான் டைப்-2 நீரிழிவுக்கும் வேர். அதியன்னூர் உள்ள நெய்யாற்றின்கரை தாலுகாவில் 2013-ல் தொடங்கியது கேரள நீரிழிவுத் தடுப்புத் திட்டம். 60 வாக்குச்சாவடிப் பகுதிகள். ஆபத்து அதிகமுள்ள 1,007 பேர். பாதிப் பகுதிகளில் அக்கம்பக்கத்தார் குழுவாகக் கூடி உணவையும் உடற்பயிற்சியையும் சீர்செய்ய முயன்றனர். இரண்டாண்டில் அவர்களில் 14.9 சதவீதத்தினருக்கு நீரிழிவு வந்தது. கையேடு மட்டும் பெற்றவர்களில் 17.1. இந்த வித்தியாசத்தைப் புள்ளியியல் உறுதியானதாக ஏற்கவில்லை.

ஊர் கூடினாலும் எளிதல்லாத வேலைதான். ஆனால் எடையில் 7 முதல் 10 சதவீதம் குறைந்தால் கல்லீரல் கொழுப்பு கணிசமாகக் கரையும்.