ஆற்றலை மறைத்த நடிகரும் அஞ்சாத நாடியாவும்

வீரதீரக் கதை என்றால் நம் வீட்டுச் சிறுவர்க்கு உணவும் உறக்கமும் வேண்டுவதில்லை. 2026 ஜனவரியில் மார்வெல் நிறுவனத்தார் ‘வொண்டர் மேன்’ என்னும் எட்டுப் பகுதித் தொலைக்காட்சித் தொடரை வெளியிட்டனர். தாராவியில் உள்ள நமது சிறு வீட்டிலும் அது ஓடிற்று. மகளுக்குத் துணையாக அமர்ந்த நாம், இறுதிப் பகுதி முடியும்வரை எழுந்திருக்கவில்லை.

அதில் அடிதடியைவிட மனிதர் மனமே பெரிதாகப் பேசப்படுகிறது. சைமன் வில்லியம்ஸ் என்பவர் ஹாலிவுட்டில் வேடம் தேடி அலையும் நடிகர். மனிதர்க்கு மேற்பட்ட ஆற்றல் அவரிடம் உண்டு. ஆனால் அத்தகையோரைப் படங்களில் நடிக்க வைக்கலாகாது என்பது அக்கதையுலகின் விதி. அவர் விரும்புவதோ ஒரு மாவீரனின் வேடம்! மாவீரனாக நடிக்க வேண்டுமாயின், தாம் மாவீரர் என்பதை மறைக்க வேண்டும். அவருக்குத் தோழராக வரும் முதிய நடிகர் டிரெவர் ஸ்லாட்டரியாக நடித்திருப்பவர் பென் கிங்ஸ்லி. 1982இல் வெளிவந்த ‘காந்தி’ படத்தில் அண்ணலாகத் தோன்றியவர் என்றால் நேயர்கள் உடனே அறிந்துகொள்வர்.

“தம்மிடம் உள்ளதை அவர் ஏன் மறைக்க வேண்டும், அப்பா?” என்று மகள் வினவினாள். “பிழைப்புக்காக அம்மா” என்றோம். சொன்ன மாத்திரத்தில் நம் நெஞ்சே நம்மைக் குத்திற்று.

பதினைந்து ஆண்டுகளுக்கு முன் நாம் ரயில்வேயில் எழுத்தராகச் சேர்ந்த புதிதில், வீடு எங்கே என்று உடன் பணிபுரிவோர் கேட்டால் “சயான்” என்றே விடையிறுத்தோம். தாராவி என்னும் பெயரைக் கேட்டதும் சிலர் முகம் மாறுவதைக் கண்டிருந்தோம். மின்ரயிலில் ஊரிலிருந்து அம்மா தொலைபேசியில் அழைத்தால், தமிழ் பிறர் செவியில் விழாதபடி குரலைத் தாழ்த்தினோம். யாரும் நம்மை அவ்வாறு செய்யச் சொல்லவில்லை. நாமே நமக்கு விதித்துக்கொண்ட விதி அது.

ஆனால் இதே பம்பாயில், தம்மை மறைக்க மறுத்துப் புகழ்பெற்ற ஒருவரும் இருந்தார். அவரே ‘அஞ்சாத நாடியா’.

மேரி எவான்ஸ் என்னும் இயற்பெயர் கொண்ட இவர் 1908இல் ஆஸ்திரேலியாவில் பெர்த் நகரில் பிறந்தார். சிறு வயதிலேயே பம்பாய்க்கு வந்தார். கடையில் விற்பனைப் பெண்ணாகவும் சர்க்கஸிலும் வேலை பார்த்தார். நாடியா என்னும் பெயர் அவரே விரும்பிச் சூடிக்கொண்டது. வாதியா மூவிடோன் நிறுவனத்தில் சேர்ந்தபோது, நந்தா தேவி என்று பெயர் வைத்துக்கொண்டு, கறுப்புச் சடை முடியும் அணியும்படி ஜே. பி. எச். வாதியா கூறினார். நாடியா இரண்டுக்கும் இணங்கவில்லை. பொன்னிறக் கூந்தலும் நீலக் கண்களுமாகவே நடித்தார்.

ஹோமி வாதியா இயக்கிய ‘ஹண்டர்வாலி’ 1935இல் வெளிவந்தது. வாங்கி வெளியிடுவோர் முதலில் தயங்கினர். மக்களோ தயங்கவில்லை! முகமூடி தரித்து, சாட்டை ஏந்தி, குதிரையேறி ஏழைகளைக் காத்த அப்பெண்ணை ஆரவாரத்துடன் வரவேற்றனர். 1936இல் ‘மிஸ் ஃபிரான்டியர் மெயில்’ வந்தது. ஓடும் ரயிலின் கூரைமேல் நின்று அவர் ஆடவரோடு சண்டையிட்டதை எண்ணும்போது, ரயில்வேயில் ஊதியம் பெறும் நமக்கு உடல் சிலிர்க்கிறது. அக்காட்சிகளில் நகலர் எவரும் இல்லை; துணிவும் அவருடையது, பட்ட காயங்களும் அவருடையவை.

ஹோமி வாதியா பின்னர் அமைத்த பசந்த் ஸ்டூடியோ, நம்மவர் பலர் வாழும் செம்பூரில்தான் இருந்தது. இன்று அது இல்லை. 1961இல் நாடியாவும் ஹோமியும் மணம் புரிந்தனர். 1996இல் இந்நகரிலேயே நாடியா மறைந்தார்.

வெள்ளைத் தோலுக்கு அந்நாளில் இருந்த மதிப்பு வேறு, தாராவி என்னும் பெயருக்கு உள்ள மதிப்பு வேறு என்று அன்பர்கள் கூறலாம். மெய்தான். பிழைப்பை இழக்க நேருமிடத்தில் ஒருவர் தம்மை மறைத்துக்கொள்வதை நாம் குறை கூறோம். அஞ்சத் தேவையில்லாத இடத்திலும் அஞ்சி, அவ்வச்சத்தை மக்களுக்குச் சீதனமாகக் கொடுப்பதே தவறு. தோல் பதனிட்டும், பானை வனைந்தும், இட்லி அவித்தும் உழைப்பால் வளர்ந்த ஊர் தாராவி. அதன் பெயரைச் சொல்ல நாம் நாணினால், நம் பிள்ளைகள் நம்மைச் சொல்ல நாணுவர்.

சென்ற திங்கள் மகளின் பள்ளியில் ஒரு படிவம் தந்தனர். முகவரி எழுதுமிடத்தில், பழக்கம் காரணமாக நம் கை ‘ச’ என்று தொடங்கிற்று. மகள் பார்த்துக்கொண்டிருந்தாள். அவ்வெழுத்தை அடித்துவிட்டுத் ‘தாராவி’ என்று எழுதினோம்.