மகாநாட்டு வாரத்தில் ஒரு பியானோ

அறிஞர்கள் கூடும் மகாநாடுகளில் பகற்பொழுது பிரசங்கங்களுக்கு உரியது. மாலைப்பொழுது விருந்துக்கும் சங்கீதத்துக்கும் உரியது. பகலில் மேடைமீது கடுமையாக வாதாடிய இருவர், இரவில் ஒரே வாத்தியத்தின் அருகில் அமர்ந்து தலையசைத்து மகிழ்வதைக் காணலாம். இதைக் கண்டுதான், "வித்தைக்கும் இசைக்கும் தேசமேது, எல்லையேது?" என்று பெரியோர் பலர் சொல்லுகின்றனர். கேட்பதற்கு இனிமையான வார்த்தை. ஆனால் அந்த வார்த்தை எவ்வளவு பாரம் தாங்கும் என்பதை, 1941-ஆம் வருஷம் செப்டம்பர் மாதத்தில் டென்மார்க்கின் தலைநகராகிய கோபன்ஹேகனில் நிகழ்ந்த சம்பவங்களைக் கொண்டு அறியலாம்.

குருவும் சீடரும்

அந்நகரில் நீல்ஸ் போஹர் என்னும் பௌதிக மேதை 1921-இல் ஓர் ஆராய்ச்சி நிலையத்தைத் தொடங்கினார். அடுத்த வருஷமே நோபல் பரிசு அவரைத் தேடி வந்தது. பல தேசத்து இளைஞர்கள் அவரிடம் பாடம் கேட்க வந்தனர். அவர்களில் முதல் வரிசையில் வைத்து எண்ணத்தக்கவர் ஜெர்மானியரான வெர்னர் ஹைஸன்பர்க். அவர் 1924-இல் முதன்முதல் அங்கே வந்தார். டேனிஷ் மொழியைக் கற்றார். 1927-இல், அந்நிலையத்தில் இருந்தபோதே, புகழ்பெற்ற நிச்சயமின்மைத் தத்துவத்தை வகுத்தார். பியானோ வாசிப்பதிலும் அவர் தேர்ந்த கை.

அந்நாளில் அந்நிலையத்து வருஷாந்தரக் கூட்டங்களில் ஆராய்ச்சியோடு வேடிக்கைக்கும் குறைவில்லை. 1932-இல், ஜெர்மன் மகாகவி கெதே மறைந்த நூறாவது ஆண்டை ஒட்டி, அவருடைய 'ஃபௌஸ்ட்' நாடகத்தைக் கேலி நாடகமாக மாற்றி இளைஞர்கள் நடித்தனர். கடவுள் பாத்திரம் போஹரையே குறித்தது! ஜெர்மன் கவியின் காவியம் டேனிஷ் மண்டபத்தில் அரங்கேறியதை யாரும் விந்தையாக நினைக்கவில்லை. அழைத்தவரும் வந்தவரும் சமமாக இருந்த காலம் அது.

அன்னியர் கூட்டிய மகாநாடு

1940-ஆம் வருஷம் ஏப்ரல் 9-ஆம் தேதி ஜெர்மன் படைகள் டென்மார்க்கில் புகுந்தன. சில மணி நேரத்துக்குள் தேசம் அவற்றின் கைவசமாயிற்று. பின்னர், 'கலாசார உறவு' வளர்ப்பதற்கென்று கோபன்ஹேகனில் ஒரு ஜெர்மன் விஞ்ஞானக் கழகம் ஏற்பட்டது. அங்கே ஐரோப்பாவின் 'புதிய அமைப்பு' பற்றி வீராவேசப் பிரசங்கங்கள் முழங்கின. அக்கழகந்தான் 1941 செப்டம்பரில் வான சாஸ்திர மகாநாடு ஒன்றைக் கூட்டியது. ஹைஸன்பர்க்கும் அவருடைய நண்பர் வைட்ஸேக்கரும் பிரசங்கம் செய்ய வந்தனர்.

போஹரும் அவருடைய நிலையத்தாரும் அந்த மண்டபத்தில் காலடி வைக்கவில்லை. கூச்சல் இல்லை, கொடி இல்லை, கண்டனத் தீர்மானம் இல்லை, வரவில்லை, அவ்வளவுதான். பகிஷ்காரம் என்ற சொல்லுக்கு நம்மவருக்கு வியாக்கியானம் வேண்டுமா?

ஆனால் அதே வாரத்தில், அதே ஹைஸன்பர்க் போஹரின் நிலையத்துக்கு வந்து டேனிஷ் மொழியில் பேசினார். பழைய நண்பர்கள் இருந்து கேட்டனர். போஹரின் இல்லத்துக்கும் சென்றார். அது கார்ல்ஸ்பெர்க் மதுசாலை ஸ்தாபகர் விட்டுச்சென்ற மாளிகை. தேசத்தின் தலைசிறந்த அறிஞருக்கென்று ஒதுக்கப்பட்டது. அங்கே, தாய்நாட்டுக்குத் திரும்ப வழியற்ற ஓர் ஆங்கில யுவதியும் அடைக்கலம் பெற்றிருந்தாள். பேச்சு அரசியலில் புகுந்ததும் அவள் மெல்ல எழுந்து அப்பால் சென்றுவிட்டாள். மற்றொரு மாலை போஹர் உரக்க ஏதோ படித்துக் காட்டினார். ஹைஸன்பர்க் பியானோவில் மொஸார்ட்டின் ஏ மேஜர் ஸொனாட்டாவை வாசித்தார்.

ஜெர்மன் தூதர் அளித்த விருந்தும் நடந்தது. சாப்பாடுதான் அதில் சிறந்த அம்சம் என்று ஹைஸன்பர்க் தம் மனைவிக்கு எழுதினார். தூதரோ, பக்கத்தில் அமர்ந்த அமெரிக்கத் தூதரகச் சீமாட்டியிடம் ஆங்கிலத்திலேயே உற்சாகமாக உரையாடிக்கொண்டிருந்தார். எதிர்பாராதது நேராவிட்டால் கிறிஸ்துமஸில் மீண்டும் சந்திப்போம் என்று சொல்லி விடைபெற்றாள் அம்மாது. டிசம்பர் 11-ஆம் தேதி ஜெர்மனி அமெரிக்காவின்மீது யுத்தப் பிரகடனம் செய்தது!

கடிதத்தில் ஒரு வியப்பு

பிற்காலத்தில் குடும்பத்தாரால் வெளியிடப்பட்ட அக்கடிதத்தில் இன்னொரு செய்தியும் உண்டு. டேனியர் தடையின்றிச் சுகமாக வாழ்ந்தும், கலைத்துறையில்கூடக் கைகுலுக்க மறுக்கும் அளவுக்கு வெறுப்பும் அச்சமும் கொண்டிருக்கிறார்களே என்று ஹைஸன்பர்க் ஆச்சரியப்படுகிறார். அவர் கொடியவர் அல்லர். நுண்ணிய அறிவும் இசையுள்ளமும் படைத்தவர். அத்தகையவருக்கே இது விளங்கவில்லை என்பதுதான் கவனிக்கத்தக்கது. வயிறு நிறைந்திருக்க மனக்குறை ஏன் என்று ஆளும் இனத்தார் கேட்பது புதிதன்று. ரயிலும் தபாலும் பள்ளிக்கூடமும் தந்தோமே என்ற பேச்சை நம் தேசமும் நெடுங்காலம் கேட்டிருக்கிறது.

அந்த வாரத்தில் குருவும் சீடரும் தனிமையில் பேசிய பேச்சு அவர்களுடைய நட்பையே முறித்தது. அணுசக்தி ஆயுதம் பற்றிய பேச்சு அது. ஜெர்மனியின் வெற்றி நிச்சயம் என்றும், அத்தகைய ஆயுதத்துக்கான வேலை நடக்கிறது என்றும் தாம் புரிந்துகொண்டதாகப் போஹர் பின்னாளில் எழுதினார். அனுப்பாமலே வைத்திருந்த அக்கடித வரைவுகள் 2002-இல் வெளியாயின. ஹைஸன்பர்க் தம் நோக்கம் வேறு என்றார். தாயின் வழியில் யூதரான போஹர், 1943-இல் கைதாகும் அபாயம் நெருங்கவே, இரவில் படகேறி ஸ்வீடனுக்குத் தப்பினார். யுத்தம் முடிந்தபின் இருவரும் சந்தித்தனர். பழைய அன்னியோன்னியம் மட்டும் திரும்பவில்லை.

போஹர் சீடரை வாசலில் நிறுத்தவில்லை. பியானோவை மூடவும் இல்லை. விருந்தினராக வந்தவரின் சங்கீதத்தை வீட்டில் கேட்டார். அன்னிய ஆதிக்கம் விரித்த ஜமக்காளத்தில் அமர்ந்து கேட்க மட்டும் மறுத்தார். வித்தைக்கு எல்லை இல்லாதிருக்கலாம். அழைப்பவர் யார், எந்த உரிமையால் அழைக்கிறார் என்று கேட்க வேண்டிய கடமை வித்துவானுக்கு உண்டு. அந்தக் கேள்வியைக் கேட்டறிந்த பின் மொஸார்ட்டை ரசிப்பதில் குற்றம் ஏதுமில்லை.