சாரல் ஊரில் சுவர் ஏன் உரிகிறது?

ஜூன் பிறந்தால் ஐந்தருவிக்கும் பழைய குற்றாலத்துக்கும் ஓடுகிற நாம், அதே சாரல் சுவரை என்ன பாடு படுத்துகிறது என்று பார்ப்பதில்லை. குற்றாலத்தில் மேற்கு பார்த்த சுவர்களைக் கவனியுங்கள். செங்கோட்டைக் கணவாய் வழியாக வரும் காற்று சாரலை அங்கேதான் கொண்டுவந்து அடிக்கும். போன வருஷத்துப் பெயிண்ட் அப்பளமாய்ப் பொரிந்து நிற்கும். கட்டிடக்காரர் பெயிண்டரைத் திட்டுவார்; பெயிண்டர் கம்பெனியைத் திட்டுவார். உண்மைக் குற்றவாளி சுவருக்குள் இருக்கும் தண்ணீர்!

கைப்பிடிச் சுவர் விரிசல், அடைத்துக்கொண்ட மழைநீர்க் குழாய், சன்ஷேடு சேரும் இடம் வழியாகத் தண்ணீர் இறங்குகிறது. வெயில் பட்டதும் ஆவியாகி வெளியே வரப் பார்க்கிறது. பெயிண்ட் படலம் மறிக்கிறது. பிடிமானம் எங்கே குறைவோ அங்கே உப்பி உடைகிறது. கீழே பழைய வெள்ளையடிப்பு மாவாக உதிர்ந்துகொண்டிருந்தால் கேட்கவே வேண்டாம்.

ஆகவே சுரண்டியை எடுக்கும் முன் ஒழுகலை அடையுங்கள். பிறகு ஓர் அடிச் சதுர பாலித்தீன் தாளை நாலு பக்கமும் டேப் ஒட்டி ஒரு நாள் விடுங்கள். உள்பக்கம் முத்து முத்தாய் வேர்த்திருந்தால் சுவர் இன்னும் காயவில்லை. ஐப்பசி, கார்த்திகை மழையில் ஊறிய சுவர் காய நாள் பிடிக்கும். மாசி, பங்குனியில் வேலையை ஆரம்பிப்பதே புத்திசாலித்தனம். சீசனுக்கு முன்னால் மே கடைசியில் அவசர அவசரமாய் அடிப்பதெல்லாம், என்னைக் கேட்டால், காசை அருவியில் போடுகிற கதைதான்.

காய்ந்த சுவரில் உரிந்ததைச் சுரண்டி, கம்பி பிரஷ் போட்டு, கெட்டியாய் நிற்கும் பெயிண்டின் ஓரங்களை உப்புத்தாளால் தேய்த்துச் சமமாக்க வேண்டும். வெள்ளையாய்ப் பூத்த உப்பைத் தண்ணீர் விடாமல் உலர்ந்த பிரஷால் தட்டி எடுங்கள். கழுவினால் கரைந்து மறுபடி உள்ளே போய்விடும். பாசிக்கு பிளீச்சிங் பவுடர் கரைசல் போதும். அதோடு ஆசிட்டைச் சேர்த்து ஊற்றிவிடாதீர்கள், குளோரின் வாயு கிளம்பும்! கழுவியபின் மறுபடி காயவிட்டு, விரிசல் அடைத்து, பிரைமர் அடிக்கலாம். புதிதாய்ப் பூசிய இடமானால் 28 நாள் பொறுப்பது நல்லது.

ஜன்னல், கதவுகளின் பழைய எண்ணெய்ப் பெயிண்டில் மட்டும் கூடுதல் ஜாக்கிரதை வேண்டும். அதில் ஈயம் இருக்கலாம். வீட்டுப் பெயிண்டில் ஈயம் 90 பிபிஎம்முக்கு மேல் கூடாது என்ற விதி 2017 நவம்பரில்தான் நடைமுறைக்கு வந்தது. உலர்வாகத் தேய்த்தால் அந்தத் தூசி தேய்ப்பவர் நெஞ்சுக்குள்ளும், தரையில் தவழும் பிள்ளை வாய்க்குள்ளும் போகும். நனைத்துத் தேய்த்து, கீழே விரித்த தாளோடு சுருட்டி அப்புறப்படுத்தச் சொல்லுங்கள்.

தென்காசிப் பக்கத்துப் பழைய காரைச் சுவர் வீடுகளுக்கு பிளாஸ்டிக் பெயிண்டே வேண்டாம் என்பேன். சுண்ணாம்பு மேல் சுண்ணாம்பு, இரண்டு கோட். சுவர் மூச்சு விடும், செலவும் கம்மி.